ஓடமும் வண்டியில் ஏறும்: லைட்வெயிட் ரோயிங்கிலிருந்து சைக்கிளுக்குப் போன ஜேசன் ஆஸ்போர்ன்

கரையோரக் காகம்:
ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பார்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஏறி உட்கார்ந்த ஒருவரைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

ஜேசன் ஆஸ்போர்ன். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் 1994இல் பிறந்தவர். 2018இல் பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரில் லைட்வெயிட் சிங்கிள் ஸ்கல்ஸ் (துடுப்புப் படகுப் போட்டியில் எடை வரம்பு உள்ள பிரிவு, தனி ஆள் படகு) உலக சாம்பியன். மறு வருடம் யோனாதன் ரொம்மல்மானோடு சேர்ந்து இரண்டு பேர் படகான டபுள் ஸ்கல்ஸில் உலக வெண்கலம். அடுத்தது ஒலிம்பிக் என்று இருக்கும்போது கொரோனா வந்து 2020 டோக்கியோவை ஒரு வருடம் தள்ளிவிட்டது. அந்த இடைவெளியில், 2020 டிசம்பரில், ஸ்விஃப்ட்டில் (வீட்டுக்குள் நிற்கும் சைக்கிளை மிதித்துத் திரையில் பந்தயம் ஓட்டும் ஆன்லைன் தளம்) சைக்கிளுக்கான முதல் இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. போனார், ஜெயித்தார், உலக சாம்பியனுக்குரிய வானவில் ஜெர்சி வாங்கினார். ஏழு மாதம் கழித்து டோக்கியோவில் படகில் உட்கார்ந்து வெள்ளிப் பதக்கம்.

அதாவது சைக்கிளில் உலக சாம்பியனாக இருந்துகொண்டே ரோயிங்கில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். அப்புறம்தான் அல்பெசின் என்ற தொழில்முறை சைக்கிள் அணியில் சேர்ந்து 2022இலிருந்து முழுநேர சைக்கிள்.

என் கட்சி இதுதான்: ரோயிங்கிலிருந்து சைக்கிளுக்குப் போகிறவர்களில் லைட்வெயிட் ஆட்களுக்குத்தான் அந்த மாற்றம் இயல்பாக வரும். எடைக்கு ஏற்ற பலம் என்பதிலேயே வளர்ந்தவர்கள் அவர்கள். ரோயிங்கிலிருந்து சைக்கிளுக்குப் போன பிரிட்டனின் ரெபெக்கா ரொமேரோவும் அப்படித்தானே?

சங்கிலி எண்ணெய்:
வீட்டுக்குள் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்து பெடல் மிதித்து வாங்கியதற்கெல்லாம் உலக சாம்பியன் பட்டமா? பள்ளம் இல்லை, மழை இல்லை, பக்கத்து ஆளின் முழங்கை இல்லை. என்னைப் பொறுத்தவரை அது சைக்கிள் இல்லை, எர்கோமீட்டருக்கு (ரோயிங் பயிற்சி இயந்திரம்) பெடல் மாட்டிய வடிவம். எர்கோமீட்டரில் வளர்ந்த ஆள் அதில் ஜெயித்ததில் என்ன ஆச்சரியம்?

வாட்ஸ் வாத்தியார்:
சங்கிலி எண்ணெய், நீங்கள் திட்டுவதாக நினைத்துக்கொண்டு சரியான காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எர்கோமீட்டரில் வாட்ஸ் கண்டுபிடிக்கும் சூத்திரம் எளிது: ஒரு மீட்டருக்கு எத்தனை நொடி என்று எடுத்து, அதன் மூன்றாம் அடுக்கால் 2.80ஐ வகுக்க வேண்டும். 2000 மீட்டரை 6 நிமிடம் 10 நொடியில் முடிக்கிறார் ஒரு நல்ல லைட்வெயிட் ஆள் என்று வையுங்கள். 500 மீட்டருக்கு 92.5 நொடி, மீட்டருக்கு 0.185. சுமார் 442 வாட்ஸ் வரும். ஆள் 70 கிலோ என்றால் கிலோவுக்கு 6.3 வாட்ஸ், ஆறு நிமிடத்துக்கும் மேலாக. டென்மார்க்கின் ஹென்ரிக் ஸ்டெபன்சன் 5:56.7 அடித்திருக்கிறார், அது 490க்கு மேல்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. எர்கோமீட்டர் காட்டும் வாட்ஸ் சக்கரத்துக்குப் போனது மட்டும்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் தன் உடம்பையே முன்னும் பின்னும் நகர்த்துகிறாரே, அந்தச் செலவு திரையில் வராது. ஆக உள்ளே இருக்கும் இன்ஜின் திரையில் தெரிவதைவிடப் பெரியது.

ட்ராக் பைத்தியம்:
காகம், ஒரு திருத்தம். ரொமேரோ லைட்வெயிட் இல்லை. 2004 ஏதென்ஸில் அவர் வெள்ளி வாங்கியது எடை வரம்பு இல்லாத, நான்கு பேர் படகான குவாட் ஸ்கல்ஸில். 2005இல் அதே போட்டியில் உலக சாம்பியன். முதுகு வலி ஒரு பக்கம் இருக்க, 2006இல் ரோயிங்கை விட்டார். இரண்டே வருடத்தில், 2008 பீஜிங்கில், டிராக் சைக்கிளில் இண்டிவிஜுவல் பர்சூட் தங்கம். இறுதியில் தோற்கடித்தது தன் நாட்டு வெண்டி ஹூவெனகலை.

அவர் தேர்ந்தெடுத்த போட்டியைக் கவனியுங்கள். அப்போது பெண்களுக்கு 3 கிலோமீட்டர், அவருக்கு மூன்றரை நிமிடம் கூட ஆகவில்லை. தனியாக ஓட்ட வேண்டும், எதிராளி டிராக்கின் அந்தப் பக்கம். கூட்டம் கிடையாது, தந்திரம் கிடையாது, பிரேக்கே கிடையாது. நுரையீரல் வெளியே வந்து விழுகிற மாதிரி ஒரு முயற்சி, அவ்வளவுதான். ரோயிங்குக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் சைக்கிளில் வேறு இல்லை. பீஜிங்கோடு அதையும் ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது என் தீராத வயிற்றெரிச்சல், அதை இன்னொரு நாள் கொட்டுகிறேன்.

கரையோரக் காகம்:
ரொமேரோ விஷயம் என் தப்பு, திருத்தியதற்கு நன்றி. ஆனால் கட்சி மாறவில்லை :)

சங்கிலி எண்ணெய்:
அதே வரிசையில் ஹேமிஷ் போண்டையும் வையுங்கள். நியூசிலாந்து. எரிக் மரேயோடு 2009 முதல் 2016 வரை 69 ரேஸ், ஒன்றில் கூட தோற்கவில்லை, இரண்டு ஒலிம்பிக் தங்கம். ஹெவிவெயிட் ஆள். ரியோ முடிந்ததும் பல கிலோ இளைத்து, தனித்தனியாக நேரத்தோடு போட்டி போடும் சைக்கிள் டைம் டிரையலுக்குப் போனார். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் டைம் டிரையல் வெண்கலம். பிறகு திரும்பி வந்து டோக்கியோவில் எட்டு பேர் படகில் மறுபடி தங்கம். ஆக ஹெவிவெயிட் ஆளாலும் முடிகிறது.

ஆனால் பாருங்கள், அவரும் போனது டைம் டிரையலுக்கு. ரொமேரோ பர்சூட். ஆஸ்போர்ன் வீட்டுக்குள். யாருமே கூட்டத்துக்குள் நுழைந்து பெரிய பந்தயம் ஜெயிக்கவில்லை. நான் சொல்வது அதைத்தான்.

பழைய லைட்வெயிட்:
ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி. இந்தத் தலைப்பில் வாய் சும்மா இருக்கவில்லை.

நான் ஆறு சீசன் லைட்வெயிட் டபுள்ஸில் இருந்தேன். சாம்பியன் எல்லாம் இல்லை, நடுவில் எங்கோ ஓர் ஆள். எடைக்கு ஏற்ற பலத்தில் வளர்ந்தவர்கள் என்று காகம் அழகாக எழுதியிருக்கிறார். அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

ஆண்கள் டபுள்ஸில் இரண்டு பேரின் சராசரி 70 கிலோ தாண்டக் கூடாது, தனி ஆள் 72.5 தாண்டக் கூடாது. ரேஸுக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு வரைதான் எடை பார்ப்பார்கள். போட்டி நடக்கும் ஒவ்வொரு நாளும். என் ஜோடி இயல்பிலேயே 68.5. அதனால் நான் 71.5 வரை இருக்கலாம். நான் இயல்பில் 74.

காலையில் எழுந்ததும் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. இரண்டு டிராக் சூட், அதற்கு மேல் மழைக்கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி. அப்படியே நாற்பது நிமிடம் ஓட்டம். வந்து துடைத்துக்கொண்டு தராசில் ஏறினால் 71.7. மறுபடி ஓட்டம். ஒரு முறை 71.55இல் நின்றுவிட்டது. சூயிங் கம் மென்று எச்சிலை ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே வரிசையில் நின்றேன். என் ஜோடி பக்கத்தில் நின்று அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்டா" என்றான். தாண்டிவிட்டேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் உப்புத் தண்ணீரும் ரொட்டியும் உள்ளே தள்ளி, வயிறு குடம் மாதிரி குலுங்க ஸ்டார்ட்டுக்குப் போனோம்.

சைக்கிளுக்குப் போனபோது எனக்குக் கிடைத்த முதல் சுகம் வேகம் இல்லை. ரேஸ் அன்று காலை தண்ணீர் குடிக்கலாம் என்பதுதான்.

சும்மா படிக்கிறவன்:
அந்தப் பாட்டில் விவரம் இல்லாமல் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கடல்காற்று:
பழைய லைட்வெயிட் அண்ணா சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். எல்லோருக்கும் அது சிரிப்பில் முடிவதில்லை. நியூசிலாந்தின் ஸோயி மெக்பிரைட் 2019இல் லைட்வெயிட் டபுள்ஸ் உலக சாம்பியன். டோக்கியோவுக்குச் சில மாதம் இருக்கும்போது, இந்த எடையில் உடம்பை வைத்திருப்பது தன் ஆரோக்கியத்தைக் கெடுக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விலகினார். பதக்கம் கிட்டத்தட்ட கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெண்களுக்கு வரம்பு தனி ஆள் 59, சராசரி 57. உயரமான பெண்களுக்கு அது என்ன எடை என்று யோசியுங்கள்.

அதனால் லைட்வெயிட் என்பதை ஏதோ சைக்கிளுக்கான பயிற்சிப் பள்ளி மாதிரி பேசுவது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

பழைய லைட்வெயிட்:
நீங்கள் சொல்வது சரி, கடல்காற்று. எங்கள் படகுக் கூடத்தில் மாதவிடாய் நின்றுபோனதை நல்ல பயிற்சியின் அடையாளமாகப் பேசிய காலம் ஒன்று இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வாட்ஸ் வாத்தியார்:
காகத்தின் கட்சியில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. படகில் லைட், மலையில் ஹெவி!

லைட்வெயிட் ஆண் 70, 72 கிலோ இருப்பார். பெரிய மலைப் பந்தயங்களில் முன்னால் போகிற ஆட்கள் பலர் 60 சொச்சம். அதுவும் ரோயிங் ஆளுக்கு முதுகு, தோள், முன்கை எல்லாம் சதை. படகில் அது சம்பாதிக்கும், ஏற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடும். அதைக் கரைக்க வருடக்கணக்கு ஆகும்.

அப்புறம் கால்களின் தாளம். படகில் நிமிடத்துக்கு 35, 38 இழுப்பு, ஒவ்வொன்றும் கனமானது. சைக்கிளில் 90 சுற்று, லேசானது. அதே 400 வாட்ஸ்தான், ஆனால் தசை அதைச் செலவழிக்கும் விதம் வேறு. முதல் ஆறு மாதம் இவர்கள் எல்லோரும் கனமான கியரில் மாவாட்டுகிற மாதிரி மிதிப்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் நேரம். ஆறரை நிமிடத்தில் முடிகிற விளையாட்டிலிருந்து ஐந்து மணி நேர விளையாட்டுக்குப் போகிறோம். களைப்பில்லாமல் இருக்கும்போது கிலோவுக்கு 6.3 வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை, நான்கரை மணி நேரம் ஓட்டிய பிறகு வருகிறதா என்பதுதான் கேள்வி. நியாயமாகச் சொன்னால் ரோயிங் ஆட்கள் இதில் மோசமில்லை. வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் மெதுவான நீண்ட ஓட்டங்களாகவே பயிற்சி செய்கிறவர்கள். அதில் ஒரு பகுதி சைக்கிளிலேயே நடக்கும். அடித்தளம் இருக்கிறது.

கரையோரக் காகம்:
சரி, கூட்டத்துக்குள் நுழைந்து யாரும் ஜெயிக்கவில்லை என்று சங்கிலி எண்ணெய் சொன்னதற்கு இப்போது பதில் தருகிறேன். வேண்டுமென்றே கையில் வைத்திருந்தேன்.

கிறிஸ்டன் ஃபாக்னர். அலாஸ்காக்காரர். ஹார்வர்டில் லைட்வெயிட் ரோயிங். படிப்பு முடிந்து நியூயார்க்கில் வென்ச்சர் கேபிடல் வேலை, 2017இல் சென்ட்ரல் பார்க்கில் சைக்கிள் பழகினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ரோடு ரேஸுக்கு முதலில் அவர் பெயர் இல்லை. அதே அமெரிக்க அணியின் டெய்லர் நிப் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததால் உள்ளே வந்தார். கடைசி 3 கிலோமீட்டர் அளவில், முன்னால் போன மரியன்னே வோஸையும் பிளங்கா வாஸையும் எட்டிப் பிடித்த அதே மூச்சில், நிற்காமல் அவர்களைத் தாண்டிப் போனார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, 58 நொடி முன்னால் கோட்டைத் தொட்டார். மூன்று நாள் கழித்து டிராக்கில், அணியாக ஓட்டும் டீம் பர்சூட்டிலும் தங்கம்.

அது வெறும் இன்ஜினா, தந்திரமா?

சங்கிலி எண்ணெய்:
...சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். எட்டிப் பிடித்த நொடியில் தாண்டுவது என்பது பழுத்த ஆட்களே தயங்கும் இடம். பிடித்ததும் எல்லோரும் ஒரு மூச்சு வாங்குவார்கள், அந்த ஒரு மூச்சைத்தான் அவர் திருடினார்.

ஆனால் 2017இலிருந்து 2024 வரை எண்ணுங்கள். ஏழு வருடம். இன்ஜின் முதல் நாளே இருந்தது. அந்த நொடியைப் பார்க்கிற கண் வர ஏழு வருடம்.

ட்ராக் பைத்தியம்:
இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் எதிரெதிர் திசையிலிருந்து சொல்கிறீர்கள். ரோயிங்கில் உனக்கென்று ஒரு பாதை, இரண்டு பக்கமும் மிதவை. முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாய், ஜெயிக்கிறவனுக்குத் தோற்கிறவன் எல்லாம் கண் முன்னால் தெரிவான். யாருக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. சைக்கிளில் ஒளியத் தெரிந்தவன்தான் பிழைப்பான். முன்னால் போகிறவரின் சக்கரத்தோடு ஒட்டிப் போனால் காற்றுக்குச் செலவழிக்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும். ரோயிங் ஆளுக்கு அது முதலில் ஏமாற்று வேலை மாதிரி தோன்றும். நேர்மையாக முன்னால் நின்று காற்றை வாங்கி, கடைசியில் எல்லோரும் தாண்டிப் போவதைப் பார்ப்பார்.

நீர்மட்டம்:
கேமரூன் வுர்ஃப் பெயரை யாரும் சொல்லவில்லையே. ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா. 2004 ஏதென்ஸில் லைட்வெயிட் டபுள் ஸ்கல்ஸ். அப்புறம் புரொபஷனல் சைக்கிள், கேனன்டேல் அணி. அப்புறம் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான். 2018இல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் என்ற நீண்ட தூர டிரையத்லானில் 180 கிலோமீட்டர் சைக்கிளை 4 மணி 9 நிமிடத்தில் ஓட்டி அப்போதைய சாதனை வைத்தார். 2020இல் மறுபடி சைக்கிள், இந்த முறை இனியோஸ் அணி, வயது 36. இவருக்கெல்லாம் ஓய்வு என்ற வார்த்தைக்கு யாரும் அர்த்தம் சொல்லவில்லை போல.

வாட்ஸ் வாத்தியார்:
இ-ஸ்போர்ட்ஸ் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன், இது எனக்குப் பிடித்த விஷயம். ஸ்விஃப்ட்டில் உங்கள் வேகத்தைக் கணக்கிடுவது முக்கியமாக இரண்டு எண்களை வைத்து: எத்தனை வாட்ஸ் மிதிக்கிறீர்கள், எத்தனை கிலோ இருக்கிறீர்கள். அதனால் பெரிய போட்டிகளில் தராசில் ஏறி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள்.

வாழ்நாள் முழுக்கத் தராசுக்குப் பயந்து வாழ்ந்த ஆள், தராசே வேகத்தைத் தீர்மானிக்கும் விளையாட்டில் முதல் உலக சாம்பியன் ஆகிறார். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? அதிர்ஷ்டம் என்றும் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் அபுதாபியில், எல்லோரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து நடத்திய போட்டியில் மறுபடி அவரே ஜெயித்தார்.

நடுவில் 2022இல் ஜெயித்த ஜே வைன், அதே வருடம் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவில் இரண்டு மலைக் கட்டங்களை ஜெயித்தவர். அதனால் "டிவி சைக்கிள்" என்று ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம், சங்கிலி எண்ணெய் அவர்களே.

சங்கிலி எண்ணெய்:
தள்ளவில்லை. மின்விசிறியை மட்டும் கேலி செய்தேன்.

துடுப்புத் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 19 வயது, உயரம் 183, எடை 71. லைட்வெயிட் சிங்கிள்ஸ். எர்கோமீட்டரில் 2000 மீட்டர் 6:31. பாரிஸோடு ஒலிம்பிக்கில் லைட்வெயிட் முடிந்துவிட்டது, 2028 லாஸ் ஏஞ்சலஸில் அந்த இடத்தில் கடற்கரையில் நடக்கும் குறுகிய தூரப் படகுப் போட்டியான பீச் ஸ்பிரிண்ட்ஸ் வருகிறது. எங்கள் கிளப்பிலும் இனி லைட்வெயிட் படகுகளுக்குத் தனிப் பயிற்சி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோச் சாப்பிட்டு 82க்குப் போ என்கிறார். ஆஸ்போர்ன் கதையைப் படித்ததிலிருந்து சைக்கிள்மேல்தான் புத்தி போகிறது. என்ன செய்யலாம்?

வாட்ஸ் வாத்தியார்:
6:31 என்றால் சுமார் 375 வாட்ஸ், கிலோவுக்கு 5.3. 19 வயதுக்கு நல்ல இன்ஜின். ஆனால் ஆஸ்போர்னோடு ஒப்பிட்டுக்கொள்ளாதே தம்பி. அவர் 2018இல் தனி ஆளாக உலகத்தையே ஜெயித்த பிறகு, ரோயிங்கை விடாமல் பக்கத்தில் சைக்கிளை வளர்த்தவர். 2021 இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய அணியில் பயிற்சி ரைடராக இருந்து பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தம் போட்டார். படகை எரித்துவிட்டு யாரும் கரையேறவில்லை.

கடல்காற்று:
82க்குப் போவதும் ஒரு நல்ல வழிதான் என்று யாராவது சொல்ல வேண்டும். நீ இப்போது இருக்கும் 71 உன் இயல்பான எடையா, பிடித்து வைத்திருக்கும் எடையா? முதலில் மூன்று மாதம் பசிக்குச் சாப்பிட்டுப் பார். உடம்பு எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்த பிறகு படகா சைக்கிளா என்று யோசி.

பழைய லைட்வெயிட்:
கடல்காற்று சொன்னதை நான் வழிமொழிகிறேன். கூடவே இன்னொன்று. பவர் மீட்டர், கார்பன் சக்கரம் எதுவும் வாங்காதே. யாரிடமாவது ஒரு பழைய ரோடு சைக்கிளை இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போகிறவர்களோடு போ. பின்னால் ஒட்டிக்கொள், முன்னால் போய் வீரம் காட்டாதே.

நான் முதல் நாள் காட்டினேன். நாற்பது நிமிடம் முன்னால் நின்று இழுத்தேன், எல்லோரும் என்னைப் பாராட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு. திரும்பிப் பார்க்கப் போய் என் முன்சக்கரம், கொஞ்சம் முன்னேறியிருந்த பக்கத்து ஆளின் பின்சக்கரத்தில் உரசியது. உரசினால் கீழே விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவன்தான் என்று அன்று தார் ரோட்டில் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன். முழங்கை வடு இன்னும் இருக்கிறது. படகில் இருந்தவரை எனக்கு உள்ளங்கைக் காய்ப்பு மட்டும்தான்.

துடுப்புத் தம்பி:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பசிக்குச் சாப்பிட ஆரம்பித்தேன், 74 வந்துவிட்டது. இன்னும் ஏறும் போல.

போன ஞாயிறு இரவல் சைக்கிளில் ஒரு கூட்டத்தோடு போனேன். 60 கிலோமீட்டர். நேர் ரோட்டில் ஒரு கஷ்டமும் இல்லை, இதயத் துடிப்பு 130ஐத் தாண்டவில்லை. முதல் வளைவு வந்தது, எல்லோரும் சரசரவென்று திரும்பிப் போய்விட்டார்கள், நான் இருபது மீட்டர் பின்னால். மிதித்து எட்டிப் பிடித்தேன். அடுத்த வளைவு, மறுபடி இருபது மீட்டர். இப்படியே பதினாறு வளைவு, எண்ணினேன். கடைசியில் நாக்குத் தள்ளிவிட்டது.

பின்னால் வந்த ஒரு பெரியவர், அறுபது வயது இருக்கும், தொப்பை கூட இருக்கிறது, ஒரு முறை கூட என்னைப் போல வேர்க்கவில்லை. பக்கத்தில் வந்து சொன்னார்: "தம்பி, கால் நல்லா இருக்கு. அந்த பிரேக்க மட்டும் விட்டுடு."